பெயர், சின்னம், தாள்: ஒரு வங்கியின் இலச்சினைகளைக் காலவரிசைப்படுத்திய நிகழ்வு ஆய்வு, திருகோணமலை

பின்னணி

2023 நவம்பரில் பாரத ஸ்டேட் வங்கி திருகோணமலையில் ஒரு கிளையைத் திறந்தது. இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நேரில் வந்து திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு, நகரத்துப் பாடசாலையொன்றின் உயர்தர வணிகப் பிரிவு மாணவர்கள் தங்கள் கண்காட்சிக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். வங்கிகள் பற்றி ஏதாவது செய்யலாம் என்றளவில் பேச்சு நின்றபோது ஒரு மாணவி அந்த வங்கியின் சின்னத்தை நினைத்துச் சொன்னாள்: "அந்த நீல வட்டம் எங்கட வீட்டு அலுமாரிக்குள்ளயும் இருக்குது, சேர்."

அவளுடைய அம்மம்மா 1990இல் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனவர். திருச்சியில் வாடகை வீட்டில் இருந்து, பல ஆண்டுகள் கழித்துத்தான் ஊர் திரும்பினார். அவர் கொண்டுவந்த பெட்டியில் ஒரு வங்கிப் புத்தகமும் இருந்தது. வகுப்பில் இன்னும் இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். தலைப்பு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது: ஒரு பொதுத்துறை வங்கியின் கொடியும் இலச்சினையும் காலப்போக்கில் மாறி வந்த விதம்.

பொறுப்பாசிரியர் என் பழைய நண்பர். நூலகப் பணியில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், பலகைகளை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை பார்க்கும்படி என்னைக் கேட்டார். ஒரு பின்னேரம் போதும் என்று நினைத்துப் போனேன். மூன்று கிழமை ஆனது.

கையில் கிடைத்தவை

இங்கே பழைய கடதாசி கிடைப்பது அரிது. 1964 டிசம்பர்ப் புயல், இடப்பெயர்வுகள், 2004இல் கடல் வந்தது என்று ஒவ்வொரு முறையும் வீட்டுப் பெட்டகங்கள் வெறுமையாயின. ஆகவே மாணவர்கள் ஒன்பது பொருட்களைத் திரட்டியதையே நான் பெரிய காரியமாக எண்ணினேன்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த வங்கிப் புத்தகங்கள் மூன்று. அவற்றில் ஒன்று, கேரள எல்லையோரம் தங்கியிருந்த ஒரு குடும்பத்துடையது. கடற்படைத் தளத்துக்குச் சாமான் வழங்கிய ஒரு வியாபாரக் குடும்பத்தின் காசோலைப் புத்தக அடிக்கட்டைகள் ஒரு கட்டு, இம்பீரியல் வங்கியின் பெயரோடு. 1957இல் பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து போகும்வரை அந்தக் குடும்பத்துக்குச் சென்னையோடு கொடுக்கல் வாங்கல் இருந்ததாம். இலங்கை நாணயத்தாள்கள் மூன்று. ஓர் உறவினர் கொண்டுவந்த அண்மைக்கால நாட்காட்டி ஒன்று. கடைசியாக ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம்: ஊர் வங்கிக் கிளை ஒன்றின் வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், தலைக்கு மேலே தேசியக் கொடி.

முதல் வரைவு

மாணவர்கள் வரைந்திருந்தது ஓர் ஏணி. அடியில் 1806, கல்கத்தா வங்கி. 1809இல் அது வங்காள வங்கி ஆகிறது. பிறகு பம்பாய் வங்கி 1840, மதராஸ் வங்கி 1843. இந்த மூன்றும் 1921 ஜனவரியில் இணைந்து இம்பீரியல் வங்கி. 1955 ஜூலை 1இல் அது பாரத ஸ்டேட் வங்கி. 1971இல் நீல வட்டம். உச்சியில் 2017, துணை வங்கிகள் இணைந்த ஆண்டு. ஆண்டுகளெல்லாம் சரி. பிள்ளைகள் கவனமாகத் தேடியிருந்தார்கள்.

ஆனால் ஏணியின் ஐந்து படிகளில் கொடி பறந்தது. வெள்ளைத் துணியில் வரைந்து, ஓரம் தைத்து, ஐந்து கொடிகள். மதராஸ் வங்கிக்குச் சிவப்பு, இம்பீரியல் வங்கிக்குக் கிரீடம், ஸ்டேட் வங்கிக்கு ஆலமரம், பிறகு நீல வட்டம் இரண்டு. அவற்றைத் தைத்த மாணவி இரண்டு இரவு கண் விழித்திருக்கிறாள்.

அவதானித்தவை

முதலில் கொடிகள். சிவப்பும் கிரீடமும் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். "அந்தக் காலத்தில அப்பிடித்தான் இருந்திருக்கும், சேர்" என்றான் ஒரு மாணவன். அது மனதில் தோன்றிய படம். ஆதாரம் என்று காட்ட ஒன்றுமில்லை. மதராஸ் வங்கிக்கு அடையாளம் இல்லாமல் இல்லை, அது வேறு இடத்தில் இருந்தது. வங்காளம், பம்பாய், மதராஸ் என்ற மூன்று மாகாண வங்கிகளும் தாங்களே நாணயத்தாள் வெளியிட்ட காலம் அது. மதராஸ் வங்கியின் தாளில் ஆளுநராக இருந்த தோமஸ் மன்றோவின் உருவம் இருந்தது. பம்பாய் வங்கியின் தாளில் அந்நகர மண்டபமும், அங்கே ஆளுநர்களாக இருந்த எல்பின்ஸ்டன், மல்கம் ஆகியோரின் சிலைகளும். வங்காள வங்கியின் தாளில் துறைமுகக் கரையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண், வணிகத்தின் உருவகமாக. பின்னாளில் அவள் இடத்தைப் பிரித்தானிய நாட்டின் உருவகப் பெண்ணான 'பிரிட்டானியா' பிடித்தாள். 1861ஆம் ஆண்டுச் சட்டம் நாணயத்தாள் வெளியிடும் உரிமையை அரசின் கையில் கொடுத்தபோது, இந்த வங்கிகள் தங்கள் முகத்தையே இழந்தன எனலாம். அன்றைய சாதாரண ஆள் வங்கியைப் பார்த்தது கையில் இருந்த தாளில்தான். இதை மாணவர்களுக்குச் சொன்னபோது அறை அமைதியானது. இவ்வளவு நல்ல விடயம் இருக்கக் கற்பனைக் கொடி எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை அழுதிருப்பாள்.

இரண்டாவது, அடிக்கட்டை. கட்டில் இருந்தவற்றில் கடைசி ஒன்றில் மையால் எழுதிய திகதி 1955 நவம்பர். அச்சில் இருந்த பெயரோ இம்பீரியல் வங்கி. ஜூலையிலேயே அந்தப் பெயர் போய்விட்டதே. மாணவர்கள் இந்த முரணைக் கண்டுபிடித்து, அந்த ஒரு அடிக்கட்டையை மட்டும் உறைக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். திகதி பிழையாக எழுதப்பட்டிருக்கும் என்பது அவர்கள் எண்ணம். நான் எடுத்து மேசையின் நடுவில் வைத்தேன். பெயர் மாறிய மறுநாளே வியாபாரி கையில் இருக்கும் காசோலைப் புத்தகத்தைக் கிழித்தா எறிவார்? இருக்கும் இலைகள் முடியும்வரை எழுதுவார். ஒன்பது பொருட்களிலும் அதிகம் பேசியது அந்தக் கிழிந்த துண்டுதான் என்பது இன்றும் என் எண்ணம்.

மூன்றாவது சிக்கல் நம் நாட்டுத் தாளில் வந்தது. 1979ஆம் ஆண்டுத் தாள் ஒன்று, பறவையும் பூவும் அச்சிட்ட அழகான தொகுதி. அதன் ஆங்கில வரியில் மத்திய வங்கியின் பெயர் 'சிலோன்' என்றே இருந்தது. நாடு 1972 மே 22இல் ஸ்ரீ லங்கா ஆகிவிட்டதே, இது கள்ளத் தாளோ என்று ஒரு மாணவன் சந்தேகப்பட்டான். இல்லை. 1950இல் தொடங்கிய மத்திய வங்கி, நாட்டின் பெயர் மாறிய பிறகும் 1985 வரை சட்டப்படி பழைய பெயரிலேயே இருந்தது. மீந்த தாளைப் பாவித்த கதை அல்ல இது, பெயரே மாறாமல் இருந்த கதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. இலங்கை வங்கியோ 1939இல் வைத்த ஆங்கிலப் பெயரை இன்னும் வைத்திருக்கிறது.

இதில் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிரமம் உண்டு. அதே தாளின் தமிழ் வரியைப் படித்தால் 'இலங்கை மத்திய வங்கி'. பெயர் மாறும் முன்னும் அதே, பின்னும் அதே. நாம் இந்த நாட்டை எப்போதும் இலங்கை என்றே அழைத்து வந்ததால், தமிழ் வரியில் அந்த மாற்றத்தின் சுவடே விழவில்லை. மாணவர்கள் தமிழ் வரியை மட்டும் பார்த்துத் தாள்களை அடுக்கியிருந்தார்கள். நானும் இளமையில் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

நான்காவது, நீல வட்டம். நடுவில் சிறு வட்டத் துளை, அதிலிருந்து கீழே ஒரு நேர் வெட்டு. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் 1971இல் அமைத்தது. பலகையில் பெரிய எழுத்தில் 'இது காங்கரியா ஏரியின் வான்காட்சி' என்று எழுதியிருந்தார்கள், வானிலிருந்து எடுத்த படமும் பக்கத்தில் ஒட்டியிருந்தது. ஒற்றுமை உண்மைதான். வட்ட ஏரி, நடுவில் நகினா வாடி என்ற தீவுத் தோட்டம், கரையிலிருந்து அதற்குப் போகும் பாதை. ஏரியும் அதே நகரில் இருக்கிறது. ஆனால் ஒற்றுமை இருப்பது ஒன்று, அதிலிருந்துதான் பிறந்தது என்பது வேறொன்று. கைபேசியில் நூறு பேர் அனுப்பிவிட்டார்கள் என்பதற்காக ஒரு கதை ஆதாரம் ஆகிவிடாது.

ஐந்தாவதை நான் பார்த்த உடனேயே கை வைத்து மறைத்தேன். வங்கிப் புத்தகங்களின் முதற் பக்கங்கள் அப்படியே பெருப்பித்து ஒட்டப்பட்டிருந்தன. கணக்கு இலக்கம், முகாம் விலாசம், கையொப்பம் எல்லாம் தெரிந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஏணியைக் கைவிட்டோம். அதற்குப் பதிலாக ஒரு நீண்ட பலகையில் மூன்று கோடுகள் கிழித்தோம். மேல் கோடு பெயருக்கு, நடுக்கோடு சின்னத்துக்கு, கீழ்க்கோடு மக்கள் கையில் இருந்த தாளுக்கு. மூன்றும் ஒன்றாக நகர்வதில்லை என்பதைப் பார்த்தவுடன் காட்ட வேண்டும் என்பதே நோக்கம். 1955 ஜூலையில் மேல் கோடு முறிகிறது. கீழ்க்கோடு நவம்பர் தாண்டியும் பழைய நிறத்தில் ஓடுகிறது. மறைத்து வைத்த அடிக்கட்டை பலகையின் நடுவுக்கு வந்தது.

கேரள எல்லைக் குடும்பத்தின் புத்தகத்தை நகர்த்த வேண்டியிருந்தது. அதில் இருந்ததும் அதே நீல வட்டம், ஆனால் புத்தகம் பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கிகளில் ஒன்றான திருவாங்கூர் ஸ்டேட் வங்கியுடையது. துணை வங்கிகளும் அதே வட்டத்தையே பாவித்தன. அவற்றில் எஞ்சியிருந்த ஐந்து 2017 ஏப்ரல் 1இல் பாரதிய மகளிர் வங்கியுடன் சேர்த்து இணைக்கப்பட்டபோதுதான் சின்னத்தின் தோற்றமும் புதுப்பிக்கப்பட்டது. வட்டம் அப்படியே நின்றது, பக்கத்து எழுத்துகள் புது வடிவம் பெற்றன. ஆகவே சின்னம் ஒன்றாக இருந்தும் பெயர் வேறாக இருந்த காலம் ஒன்று உண்டு. நடுக்கோடு ஒன்றாகவும் மேல் கோடு இரண்டாகவும் வரையப்பட்டது. பொறுப்பாசிரியர் இது பார்ப்பவர்களைக் குழப்பும் என்றார். குழம்பினால் கேட்பார்கள், கேட்டால் பிள்ளைகள் விளக்குவார்கள் என்று நான் வற்புறுத்தினேன்.

ஆலமரப் படத்தை எடுக்கவில்லை, ஆனால் மாணவர் வரைந்தது என்று அடியில் எழுதினோம். 1971க்கு முன் ஸ்டேட் வங்கி ஆலமரத்தைச் சின்னமாகக் கொண்டிருந்தது சரி. ஆயினும் மரம் பொறித்த மூலத்தாள் எதுவும் எங்கள் கையில் இல்லை, வரைந்ததையும் மூலத்தையும் ஒரே சட்டத்தில் மாட்டினால் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றென நம்புவார். 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து ஆண்டுக்குள் 400 புதிய கிளைகள் திறக்க வேண்டும் என்று வங்கியைக் கட்டுப்படுத்தியதையும் படத்தின் பக்கத்தில் எழுதினோம். விழுதுவிட்டுப் பரவும் மரத்தோடு அந்தத் தகவல் பொருந்தி நின்றது. தமிழாசிரியை ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஆலமரத்தடியில் வேறொன்றும் முளைக்காதே என்றார். அதைப் பலகையில் எழுதவில்லை, ஆனால் பிள்ளைகள் அன்று முழுவதும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏரிப் படத்தை எடுக்கவில்லை. தலைப்பை மட்டும் 'சின்னத்தைப் போலத் தோன்றும் ஏரி' என்று மாற்றினோம்.

கணக்கு இலக்கங்களும் விலாசங்களும் வெள்ளைத் தாளால் மூடப்பட்டன. மூலப் புத்தகங்களை வீடுகளுக்குத் திருப்பி அனுப்பி, கொப்பிகளை மட்டும் வைத்தோம். குடும்பங்களிடம் கையெழுத்து வாங்கினோம், இது முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

கொடிகளை இறக்குவதுதான் கடினமாக இருந்தது. தைத்த மாணவி ஒன்றும் பேசாமல் நின்றாள். பிறகு, "கொடி இல்லாட்டி ஆர் சேர் வந்து பாப்பினம்?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கொடி ஒன்று வேண்டும், ஆனால் உண்மையான கொடி. கையில் ஒரு உண்மையான கொடி இருந்தது: புகைப்படத்தில் பறந்த தேசியக் கொடி. அதை ஆராயும் பொறுப்பை அவளிடம் கொடுத்தோம்.

புகைப்படம்

தேசியக் கொடி ஒரே நாளில் இன்றைய வடிவத்துக்கு வரவில்லை. 1948 பெப்ரவரி 4இல் சிங்கக்கொடி ஏற்றப்பட்டது. 1951இல் பச்சை, செம்மஞ்சள் பட்டிகள் சேர்க்கப்பட்டன. சிங்கத்தைச் சுற்றி நான்கு மூலைகளிலும் இருந்த கூர்நுனி அலங்காரங்கள் 1972இல் அரசிலைகளாக மாறின. கொடியின் மூலை தெளிவாகத் தெரியும் படம் கிடைத்தால், அது 1972க்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடலாம்.

படம் 1960களில் எடுத்தது என்பது கொடுத்த குடும்பத்தின் உறுதியான நம்பிக்கை. முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு நிற்பவர் அப்பப்பா, அவர் 1969இல் காலமானவர். மாணவி பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். காற்றில் விரிந்திருந்த ஒரு மூலையில் இலை. நான் பார்த்தேன், ஆசிரியர் பார்த்தார், பெருப்பித்தும் பார்த்தோம். நுனி நீண்ட அரசிலைதான்.

அப்படியானால் வெள்ளைச் சட்டைக்காரர் அப்பப்பாவாக இருக்க முடியாது. வீட்டுச் சுவரில் ஐம்பது ஆண்டாக மாலை போட்டு வைத்திருக்கும் படம் அது. உண்மையைப் பலகையில் எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் ஊர் முன்னால் அதைப் படிக்க நேரும். ஆகவே எதையும் எழுதுவதற்கு முன் வீட்டுக்குப் போய்ச் சொல்வது என்று தீர்மானித்தோம். நானும் ஆசிரியரும் அந்த மாணவியும் உட்துறைமுக வீதிப் பக்கம் இருந்த அந்த வீட்டுக்கு ஒரு ஞாயிறு போனோம்.

வீட்டுக்காரர் முதலில் ஏற்கவில்லை. "எங்கட அப்பப்பாவ எங்களுக்குத் தெரியாதா, ஐயா?" என்றார். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மாணவி கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, கொடியின் மூலையைக் காட்டினாள். அதற்குள் உள்ளறையிலிருந்து அவருடைய மாமி, எண்பது தாண்டியவர், மெல்ல வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். "இது அப்பா இல்லை. இது சித்தப்பா. அப்பாக்கு இடக் கை மடிச்சு நிக்கிற பழக்கம் இல்லை" என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஒருவரும் தன்னிடம் கேட்கவில்லையே என்றார்.

தொடர்ந்து நடந்தவை

கண்காட்சி இரண்டு நாள் நடந்தது. மூன்று கோட்டுப் பலகையின் முன் நின்று பலர் குழம்பினார்கள், ஆசிரியர் பயந்தபடியே. அடிக்கட்டையைக் காட்டி மாணவர்கள் விளக்கியபோது பெரும்பாலோர் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பழைய கடிதத்தாளைத் தீர்த்துவிட்டுப் புதியதை எடுத்த அனுபவம் கந்தோரில் வேலை செய்த எல்லோருக்கும் உண்டு. 2017 பகுதியில்தான் ஆட்கள் நிற்காமல் போனார்கள். அங்கே சொல்ல அவ்வளவு இருக்கவில்லை, இடத்தை அதிகம் கொடுத்துவிட்டோம்.

திருச்சியில் இருந்து திரும்பிய அந்த அம்மம்மாவும் வந்தார். தன் புத்தகத்தின் கொப்பியைத் தேடிப் பார்த்தார். தனக்கு அங்கே இந்தியோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாது என்றும், பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வட்டத்தைப் பார்த்தே வங்கியைக் கண்டுபிடித்ததாகவும் சொன்னார். "சாவி ஓட்டை போட்ட வங்கி" என்பாராம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம். மாணவர்கள் அதை அப்படியே எழுதி, அவரது அனுமதியோடு நீல வட்டத்தின் கீழ் ஒட்டினார்கள். நான் பலகையில் எழுதிய எந்த விளக்கத்தை விடவும் அந்த ஒரு வரியின் முன் ஆட்கள் அதிக நேரம் நின்றார்கள்.

மறுமுறை மாற்றிச் செய்ய வேண்டியவை

பொருளைத் திரட்டும்போதே ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய திகதி, தபால் முத்திரை, அச்சகக் குறிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். சின்னத்தைப் பார்த்துத் திகதி போடுவது கடைசி வழியாக இருக்கட்டும். எங்கள் மாணவர்கள் அதை முதல் வழியாக எடுத்ததே எல்லாக் குழப்பத்துக்கும் தொடக்கம்.

ஒத்து வராத பொருளை உறைக்குள் போடக்கூடாது, ஒத்து வராதவற்றுக்கென்றே ஒரு மேசை ஒதுக்க வேண்டும். நாணயத்தாளோ முத்திரையோ என்றால் மூன்று மொழி வரிகளையும் படிக்க வேண்டும், நமக்குத் தெரிந்த வரியோடு நிற்கக்கூடாது.

கொடி தைக்கத் தொடங்கும் முன்பே நான் போயிருக்க வேண்டும். இரண்டு இரவு உழைத்த பிள்ளையிடம் முடிந்த பிறகு இல்லை என்று சொல்வது போல வேறு மனக்கசப்பு இல்லை. பொறுப்பாசிரியரும் நானும் இதில் ஒரே கருத்து.

வீட்டுக்கு முதலில் போன முடிவை மாற்ற மாட்டேன். இன்னும் ஒரு படி முன்னே போய், படத்தைப் பெற்ற அன்றே வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் படத்தைக் காட்டிப் பேசவைத்து எழுதிக்கொள்ள வேண்டும்.

புகைப்படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, சுவரில் அதன் இடத்தில் வேறொரு சிறிய படம் மாட்டியிருந்தது. அது அப்பப்பாவின் அடையாள அட்டைப் படம், மாமியின் பெட்டியிலிருந்து எடுத்தது. நாங்கள் கொண்டுபோனதை மாமி வாங்கி, பின்பக்கத்தில் தன் தம்பி மகனைக் கொண்டு பென்சிலால் எழுதுவித்தார்: சித்தப்பாவின் பெயர், அதன் கீழே '1972க்குப் பிறகு'. எழுதி முடிந்ததும் அதையும் அந்தச் சிறிய படத்தின் பக்கத்திலேயே மாட்டச் சொன்னார்.